மழை நின்ற பிறகு வரும் ஆறு: போட்ஸ்வானாவில் ஏழு வருஷம்

ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று நாலு பருத்திச் சட்டையும் இரண்டு கைலியும் எடுத்துக்கொண்டு 2014 ஜூன் மாதம் கபரோனில் போய் இறங்கியவன் நான். விமான நிலையத்தில் ஆட்கள் கம்பளிக் குல்லாவும் தடித்த ஜாக்கெட்டுமாக நின்றார்கள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி, கம்பெனி பிடித்துக் கொடுத்திருந்த வீட்டில் டைல்ஸ் தரை, ஹீட்டர் கிடையாது, இருந்த ஒரே போர்வைக்கு மேல் இரண்டு கைலியையும் விரித்து, ஷூவுக்குப் போடும் சாக்ஸை மாட்டிக்கொண்டு, அப்படியும் பல் தந்தியடிக்க எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை. விடிந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் கார் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியை ஒரு பிளாஸ்டிக் கார்டால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

திருவாரூர் பக்கத்துக்காரன் நான். கணக்கு எழுதுகிற வேலை, ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில். இந்தியாவிலிருந்து கணக்காளர்களும் ஆசிரியர்களும் அங்கே நிறையப் பேர் போயிருக்கிறார்கள் என்பதால் வேலை பற்றிச் சொல்ல ஆள் கிடைத்தது, குளிர் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. போட்ஸ்வானா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது, அதனால் நமக்கு ஜூன், ஜூலை என்றால் அங்கே குளிர்காலம். மகர ரேகை நாட்டின் குறுக்கே போகிறது, தலைநகரம் கபரோன் அதற்கும் தெற்கே. நாடே ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் விரித்துப்போட்ட பாய் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. எந்தப் பக்கமும் கடல் இல்லை, காற்றில் ஈரம் இல்லை. பகலில் சட்டையோடு நடக்கலாம், சுகமாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் மண் பிடித்து வைத்திருந்த சூடெல்லாம் ஒரு மணி நேரத்தில் பறந்துவிடும். அதனால் மே முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் ஸ்வெட்டர், குல்லா, உதட்டுக்குத் தடவ வாசலைன் இந்த மூன்றையும் மறக்காதீர்கள். எனக்கு முதல் வாரத்திலேயே உதடு வெடித்து, மூக்கில் ரத்தம் வந்து, ஏதோ வியாதி என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கச் சொன்னார். நல்லது ஒன்று உண்டு, துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

தண்ணீர் குடி என்று சொன்னார், சரி, தண்ணீர் வேண்டுமே.

நான் போன சமயம் தெற்குப் பகுதியில் வறட்சி தொடங்கியிருந்தது. கபரோனுக்குக் குடிநீர் தந்த அணை நொட்வானே ஆற்றின் மேல் இருக்கிறது, 14 கோடி கன மீட்டருக்கு மேல் பிடிக்கும். 2015-இல் அதில் எடுக்கிற அளவுக்குத் தண்ணீரே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அணைக்கரையிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாளம் பாளமாக வெடித்த களிமண், நடுவில் ஒரு குட்டை. வடக்கே லெட்சிபோகோ அணையிலிருந்து ஏறக்குறைய 360 கிலோமீட்டர் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், அந்தக் குழாய் அடிக்கடி உடைந்தது. உடைந்தால் நகரத்துக்கே குழாயில் காற்றுதான். வாரத்தில் எந்த நாள் வரும், எந்த நாள் வராது என்று அட்டவணை வரும், அட்டவணைப்படி தண்ணீர் வராது. நான் இருந்த வீட்டுக்காரர் தொட்டி வைத்துத் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே எட்டு மாதம் ஓட்டினார். கடைசியில் நானே காசு போட்டு ஒரு ஜோஜோ டேங்க் வாங்கினேன். பெரிய பச்சை பிளாஸ்டிக் தொட்டிக்கு அங்கே எல்லாரும் சொல்கிற பெயர் அது. வீடு பார்க்கிறவர்கள் படுக்கையறை எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் ஜோஜோ இருக்கிறதா, மோட்டார் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்காமல் கையெழுத்துப் போட்டவன்.

மழையே இல்லையா என்றால், உண்டு. வருஷத்துக்குத் தென்மேற்கில் 250 மில்லிமீட்டர், வடகிழக்கில் சோபே பக்கம் 650 மில்லிமீட்டர், இதுதான் அந்த நாட்டுக் கணக்கு. வறண்ட சீமை என்று நாம் பெயர் வைத்திருக்கிற ராமநாதபுரத்தில்கூட இதைவிட அதிகம் பெய்யும். அதுவும் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள், சாயங்கால இடிமழையாக, ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாமல். பெய்ததைப் பிடித்து வைக்கலாம் என்றால் பள்ளத்தாக்கே இல்லாத தட்டை நிலம், அணை கட்டினால் ஆழம் இருக்காது, அகலம்தான் இருக்கும். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. வாயகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மொட்டை மாடியில் வைத்த மாதிரிதான் அங்கே அணைகள்.

நாணயத்தின் பெயர் புலா. செட்ஸ்வானா மொழியில் புலா என்றால் மழை. மேடையில் பேசி முடிக்கிறவர் "புலா!" என்று கத்துவார், கூட்டமும் திருப்பிக் கத்தும், நம்ம ஊரில் வாழ்க என்கிற மாதிரி. சம்பளத்தை மழையில் எண்ணித் தருகிற நாடு என்று வீட்டுக்குப் போன் செய்து கிண்டலடித்திருக்கிறேன். 2017 பிப்ரவரியில் மொசாம்பிக் பக்கமிருந்து டினியோ புயல் உள்ளே வந்து நாள்கணக்கில் ஊற்றியபோது அந்தக் கிண்டல் போய்விட்டது. ஆபீசில் என் மேஜைக்கு எதிர் மேஜையில் இருந்த அம்மாள், ஐம்பது வயதுக்கு மேல், எப்போதும் அதட்டலாகப் பேசுகிறவர், கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து இரண்டு கையையும் வெளியே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார். புடவைத் தலைப்பு மட்டும்தான் இல்லை, மற்றபடி எங்கள் பெரியம்மாவேதான். அந்த வாரம் அணை நிரம்பி வழிந்தது, ஊர் முழுக்கக் காரை எடுத்துக்கொண்டு வழிகிற தண்ணீரைப் பார்க்கக் கிளம்பியதில் அணைச் சாலையில் போக்குவரத்தே நின்றுபோனது. (பெண்களை மரியாதையாகக் கூப்பிட அங்கே "ம்மா" என்பார்கள், ஆண்களை "ர்ரா". "டுமேலா ம்மா" என்றால் வணக்கம் அம்மா. இந்த ஒன்றைத் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கடையிலும், எந்த அலுவலகத்திலும் டுமேலா சொல்லாமல் விஷயத்தை ஆரம்பித்தால் முகம் கொடுக்க மாட்டார்கள், நினைவிருக்கட்டும்.)

2018-இல் கம்பெனி என்னை வடமேற்கே மவுன் என்ற ஊருக்கு மாற்றியது. கபரோனிலிருந்து பிரான்சிஸ்டவுன், நாட்டா வழியாக 900 கிலோமீட்டருக்கு மேல். இந்தச் சாலையில்தான் நாட்டின் நிலவியலை நான் படித்தேன் என்று சொல்ல வேண்டும். கிழக்கு ஓரத்தில் கெட்டி நிலம், பாறை, சிறு குன்றுகள், லிம்போபோ ஆற்றுக்குப் போகும் மணலாறுகள், ரயில் பாதை, ஜனங்களில் பெரும்பாலோர் இங்கேதான். அதற்கு மேற்கே நாட்டின் முக்கால் பங்கு கலஹாரி மணல். பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு, ஜனத்தொகை ஏறக்குறைய 25 லட்சம். சாலையோரம் வேலி கிடையாது. கழுதை, மாடு, ஆடு எல்லாம் சாலையில்தான், ராத்திரியில் தார் ரோடு பகல் சூட்டை வைத்திருப்பதால் அதன் மேலேயே படுத்துக்கொள்ளும். கறுப்பு ரோட்டில் கறுப்பு மாடு படுத்திருந்தால் ஹெட்லைட் எட்டும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. நாட்டாவுக்கு அப்புறம் யானையும் சேர்ந்துகொள்ளும், நாட்டில் ஏறக்குறைய 1,30,000 யானைகள், உலகத்தில் எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. ராத்திரியில் ஓட்டவே கூடாது. இதை எனக்குச் சொன்னவர்கள் பத்துப் பேர், நான் கேட்டது ஒரு கழுதையை மோதி முன்பக்கம் நொறுங்கிய பிறகு. கழுதை எழுந்து போய்விட்டது, என் கார்தான் போகவில்லை.

நாட்டாவை நெருங்கும்போது மோபானே மரம் தொடங்கும். பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இரட்டை இலை. உச்சி வெயிலில் அந்த இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று மடித்துத் தொங்கவிட்டுக்கொள்ளும், தண்ணீர் மிச்சம் பிடிக்கிற வித்தை. நமக்கு அதனால் என்ன என்றால், நிழலுக்கு ஒதுங்கலாம் என்று மத்தியானம் மோபானே அடியில் காரை நிறுத்தினால் நிழலே இருக்காது. அதுமட்டுமா, எள்ளளவு இருக்கும் ஒரு தேனீக் கூட்டம் வந்து கண்ணோரத்தில் மொய்க்கும், கொட்டாது, கண்ணீரைக் குடிக்கத்தான் வருகிறது. முதல் முறை கையால் விசிறி விசிறி அலுத்துப் போய், கூட வந்த டிரைவரைப் பார்த்தால் அவர் சும்மா நின்றுகொண்டிருந்தார், தொப்பியை மூக்கு வரை இறக்கிவிட்டு. நசுக்கினால் இன்னும் நிறைய வரும் என்றார். இந்த மரத்து இலையைத் தின்று வளரும் புழு பானே, கைவிரல் தடிமன். பிதுக்கி, உப்புத் தண்ணீரில் அவித்து, வெயிலில் காயவைத்துக் கோப்பைக் கணக்கில் சந்தையில் விற்பார்கள். தின்றேன். கருவாட்டுக்கும் காய்ந்த தேயிலைக்கும் நடுவில் ஒரு ருசி, வெங்காயம் தக்காளி போட்டு வதக்கினால் நன்றாகவே இருக்கிறது. என் மனைவி இன்றுவரை நம்ப மறுக்கிறாள்.

நாட்டாவுக்கும் மவுனுக்கும் நடுவில் இடது கைப்பக்கம் மக்காடிக்காடி. ஒரு காலத்தில் பெரிய ஏரி, பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே வற்றி இன்று உப்புப் படிந்த வெறும் தளம், சுவா, ன்ட்வெட்வே என்று இரண்டு பெரிய பரப்புகளும் சின்னச் சின்னதாகப் பலவும். நடுவில் நின்றால் எந்தத் திசையிலும் ஒன்றுமில்லை, தூரமும் தெரியாது, உயரமும் தெரியாது, கண்ணுக்கு முன்னால் கிடக்கும் கல்லா, அரை கிலோமீட்டரில் நிற்கும் தீக்கோழியா என்றுகூடச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் நாட்டா ஆறு வந்து முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், அதில் முட்டையிட ஃபிளமிங்கோக்கள் வந்து குவியும். நான் முதல் தடவை போனது 2019 பிப்ரவரி. வறட்சி வருஷம், மேலே காய்ந்து வெள்ளையாக இருந்தது. கூட வந்த இரண்டு பேரில் ஒருவர், பார், சிமெண்ட் போட்ட மைதானம் மாதிரி இருக்கிறது என்றார். நான் தடத்தை விட்டு வண்டியைத் திருப்பினேன். ஐம்பது அடி போயிருப்போம். மேல் ஏடு பாலாடை மாதிரி உடைந்து, அடியில் இருந்த சாம்பல் நிறச் சேற்றில் ஹைலக்ஸ் அச்சு வரை இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் ஏழு மணி நேரம். ஜாக்கி போட்டால் ஜாக்கியே சேற்றில் இறங்குகிறது, அடியில் வைக்கப் பலகை இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்த ரப்பர் விரிப்பைச் சக்கரத்துக்குப் போட்டோம், சக்கரம் அதை விழுங்கியது. போனில் சிக்னல் இல்லை. சாயங்காலம் தூரத்தில் கழுதை வண்டி ஒன்று தெரிந்தது. பக்கத்து மாட்டுப்பட்டியிலிருந்து ஒரு கிழவரும் பேரனும். கிழவர் வந்ததும் முதலில் டுமேலா, அப்புறம் எப்படி விடிந்தது, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்தார், நாங்கள் இடுப்பு வரை சேற்றோடு பதில் சொன்னோம். பிறகு டயர்களைச் சுட்டிக்காட்டி ஸ்ஸ்ஸ் என்று சத்தம் போட்டார், காற்றை இறக்கு என்று அர்த்தம். கரையிலிருந்து புல்லும் முள்மரக் கிளையும் வெட்டி வரச் சொல்லி, ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, அடியில் திணித்து, பின்பக்கமாகவே, வந்த தடத்திலேயே எடுக்கச் சொன்னார். முன்னால் போகலாம் என்று நான் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்தபோது நட்சத்திரம் வந்திருந்தது. பணம் கொடுத்ததை வாங்கிக்கொண்டார், அதைவிட எங்களிடம் மிச்சமிருந்த 10 லிட்டர் குடிநீர் கேனைப் பார்த்தபோது அவர் முகம் மலர்ந்தது.

அன்றைக்குக் கற்றதை அப்படியே சொல்கிறேன். உப்புத் தளத்தில் ஏற்கெனவே ஓடிய தடத்தை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள், நிறம் வெள்ளையிலிருந்து பழுப்புக்கு மாறினால் நின்றுவிடுங்கள், மழை பெய்த வருஷமோ பெய்யாத வருஷமோ ஏப்ரலுக்கு முன் உள்ளே போகாதீர்கள். ஒரே வண்டியில் போகக் கூடாது. மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகை, டயர் காற்று அளக்கும் கருவி, மறுபடி காற்றடிக்கக் கம்ப்ரசர், ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் இரண்டு நாளைக்குக் கூடுதலாக. கலஹாரி மணலிலும் இதே கதைதான், டயரில் 18, 20 பிஎஸ்ஐ வைத்தால் டயர் அகன்று மணல் மேல் மிதக்கும், 35 வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிறவன் தனக்குத் தானே குழி தோண்டுகிறான். விடிகாலையில் மணல் குளிர்ந்து இறுகி இருக்கும், மத்தியானம் சூட்டில் தளர்ந்துவிடும், ஆகவே மணல் வழியை எட்டு மணிக்குள் கடந்துவிடப் பாருங்கள்.

கலஹாரி பாலைவனமா என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டு தடவை நடுக் கலஹாரிக் காப்பகத்துக்குப் போயிருக்கிறேன், 52,800 சதுர கிலோமீட்டர், பாலைவனம் என்று நாம் மனதில் வைத்திருக்கும் படம் அங்கே எங்கும் இல்லை. இடுப்பளவு புல், வேலமர வகைகள், பழைய ஆறுகள் ஓடிய தடமாகப் புல்வெளிப் பள்ளத்தாக்குகள். மேலே நிற்கிற தண்ணீர்தான் இல்லை, மழை விழுந்ததும் மணல் குடித்துவிடுகிறது. அந்த மணலுக்குள் இருப்பதை மரங்கள் தேடிப்போய் எடுக்கின்றன. மொட்லோபி என்ற வெள்ளைத் தண்டு மரத்தின் வேர் 68 மீட்டர் ஆழத்தில் கிணறு தோண்டும்போது கிடைத்திருக்கிறது. மழைக்கு அப்புறம் போகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை, புல் விதை. ரேடியேட்டரை மூடி எஞ்சினைக் கொதிக்க வைக்கும், வண்டிக்கு அடியில் சைலன்சரைச் சுற்றிச் சேர்ந்து தீப்பிடிக்கும். முன்னால் கொசுவலைத் துணி கட்டி, மணிக்கு ஒரு தரம் இறங்கிக் குனிந்து பாருங்கள். குனிவதற்கு முன் சுற்றிலும் பாருங்கள், சிங்கம் நிழலுக்கு வரும்.

கால்நடை வேலி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோமாரி நோய் காட்டெருமையிலிருந்து மாட்டுக்குத் தொற்றாமல் இருக்க நாட்டையே கம்பி வேலியால் பாத்தி கட்டியிருக்கிறார்கள், மாட்டிறைச்சி ஏற்றுமதி அவர்களுக்குப் பெரிய வருமானம். சாலையில் கேட் வரும், இறங்கி மருந்து நனைத்த சாக்கின் மேல் செருப்போடு மிதிக்க வேண்டும், கார் மருந்துத் தண்ணீரில் ஏறி இறங்கும், பெட்டியில் இருக்கும் மற்ற செருப்பையும் எடுத்துக் காட்ட வேண்டும். மவுனிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுபோக முடியாது. மவுனில் மலிவாகக் கிடைத்தது என்று 4 கிலோ வாங்கிப் பெட்டியில் வைத்து, கேட்டில் பிடித்துவிட்டார்கள். சமைத்தால் கொண்டுபோகலாம் என்றார்கள். சாலையோரத்திலேயே விறகு மூட்டி, மிளகாய்த்தூளும் உப்பும் தடவி, நாங்கள் சுட, சோதனைக்காரரும் வந்து உட்கார, அந்த மாதிரி ஒரு மத்தியானச் சாப்பாடு எனக்கு அப்புறம் அமையவே இல்லை.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். மவுனில் எங்கள் ஆபீசுக்குப் பின்னால் தமலகானே ஆறு. நான் போனபின் வந்த முதல் மழைக்காலத்தில், மழை கொஞ்சம்தான் என்றாலும் பெய்கிறது, ஆறு இறங்கிக்கொண்டே போகிறது. டெல்டாவில் பிறந்தவனுக்கு மழை பெய்யும்போது ஆறு இறங்குவது ஜீரணமாகவில்லை. விஷயம் என்னவென்றால், அந்த ஆற்றுக்கும் அங்கே பெய்யும் மழைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இதற்குத் தண்ணீர் தருகிற ஒகவாங்கோ ஆறு பிறப்பது அங்கோலா மேட்டு நிலத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே ஜனவரி, பிப்ரவரியில் பெய்த மழை நமீபியாவின் ஒல்லியான துண்டு நிலத்தைக் கடந்து மார்ச் வாக்கில் மொஹெம்போவில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. அங்கிருந்து மவுனுக்கு 250 கிலோமீட்டர்தான், சரிவு மொத்தமே 60 மீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க நாலு மாதம் ஆகும். பூமிக்கடியில் இருக்கும் பிளவுகளுக்கு நடுவில் நிலம் இறங்கிக் கிடக்கிற பள்ளத்தில் விசிறி மாதிரி விரிந்து, பாப்பிரஸ் கோரைக்குள் நுழைந்து, மணலை நனைத்து, நிரப்பி, அப்புறம்தான் அடுத்த அடி. வருஷத்துக்கு ஏறக்குறைய 11 கன கிலோமீட்டர் உள்ளே வருகிறது, அதில் 100-க்கு 2 பங்கு மட்டும் இந்தப் பக்கம் வெளியே வரும். மற்றதெல்லாம் செடியும் வெயிலும் மணலும் எடுத்துக்கொள்கின்றன. கடலுக்கு ஒரு சொட்டும் போவதில்லை.

ஆகவே ஊரில் மழை நின்று, புல் காய்ந்து, குளிர் தொடங்கும் ஜூன், ஜூலையில்தான் வெள்ளம் வரும். மிருகங்கள் எல்லாம் அந்தச் சமயத்தில் தண்ணீரைத் தேடி அங்கே வருவதும் இதனால்தான். 2014-இல் யுனெஸ்கோவின் ஆயிரமாவது உலக மரபுக் களமாக இந்த ஒகவாங்கோ டெல்டாவைச் சேர்த்தார்கள். மொகோரோ என்ற ஒல்லியான ஓடத்தில் (இப்போது பெரும்பாலும் ஃபைபரில் செய்கிறார்கள், பெரிய மரங்களை வெட்டாமல் இருக்க) கூட்டிப்போன ஓடக்காரர் ஒரு தீவைக் காட்டி, இதைக் கட்டியது கரையான் என்றார். நான் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். உண்மையே அதுதான். வெள்ளம் எட்டாத கரையான் புற்று, அதன் மேல் பறவை எச்சத்தில் விழுந்த விதை, மரம், மரத்தடியில் சேரும் மண், இப்படியே புற்று தீவாகிறது. ஓரத்து மரங்கள் தண்ணீரை உறிஞ்சுவதால் உப்பெல்லாம் தீவின் அடியில் நடுவில் போய்ச் சேர்கிறது, அதனால்தான் பெரிய தீவுகளின் நடுவில் மொட்டையாக வெள்ளை படிந்திருக்கும், சுற்றியுள்ள தண்ணீர் மட்டும் குடிக்கிற அளவுக்கு நன்னீராக இருக்கும். கோரைக்கு நடுவே நாங்கள் போன வாய்க்கால் நீர்யானை நடந்து நடந்து விட்ட வழி. அதனாலேயே ஓடக்காரர் நடு ஆழத்தை விட்டு ஓரமாகவே கோல் ஊன்றினார். வழி அதனுடையது, நாம் ஒதுங்கிப் போக வேண்டும் என்றார். பொழுது சாய்ந்த பிறகு நீர்யானை புல் மேயக் கரையேறும், அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். முதலை இருப்பதால் ஓரத்தில் உட்கார்ந்து பாத்திரம் கழுவுவதும் வேண்டாம். வடக்கே மழை மாதங்களில் மலேரியா உண்டு, மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போங்கள், கபரோன் பக்கம் அந்தக் கவலை இல்லை. எந்த மாதம் போகலாம் என்று கேட்டால், தண்ணீர் பார்க்க ஜூலை, மிருகம் பார்க்க செப்டம்பர். அக்டோபரில் 40 டிகிரி, காற்றே அசையாது, ஊர்க்காரர்களே அந்த மாதத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

2019-இல் வெள்ளம் வரவே இல்லை என்கிற அளவுக்குக் குறைந்தது. தமலகானே படுகையில் பையன்கள் கால்பந்து ஆடினார்கள். ங்காமி ஏரிப் பக்கம் போனபோது சேற்றில் மாடுகள் கழுத்து வரை சிக்கி உயிரோடு நின்றன, பக்கத்தில் கழுகுகள் உட்கார்ந்து காத்திருந்தன. எங்கள் கடைக்கு வரும் பண்ணைக்காரர்கள் கடனைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டார்கள். நான் கணக்கில் எழுதிய அந்தத் தேதிகளைப் பார்த்தால் இன்றும் அந்த வருஷம் தெரியும்.

அடுத்த வருஷம் அங்கோலாவில் நல்ல மழை. கொரோனா ஊரடங்கு தளர்ந்த சமயம், வாட்ஸ்அப்பில் தினமும் படம் வரும், தண்ணீர் இன்ன பாலத்துக்கு வந்தாயிற்று, இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று. ஒரு காலை நாங்களும் படுகைக்குப் போய் நின்றோம். வெள்ளம் என்றால் இரைச்சலோடு வரும் என்று நினைத்தால் அது வரவில்லை, ஊர்ந்தது. காய்ந்த மணலின் மேல் நாக்கு மாதிரி ஒரு தண்ணீர், கை அகலம், முனையில் பழுப்பு நுரை, சருகு, ஆட்டுப் புழுக்கை, தப்பிக்க ஓடும் வண்டும் தேளும். அதற்கு இரண்டு அடி முன்னால் கொக்குகள் பின்னோக்கி நடந்துகொண்டே கொத்தின. ஒரு வண்டித் தடத்தின் பள்ளத்துக்கு வந்ததும் தண்ணீர் நின்றது. அரை மணி நேரம் அந்தப் பள்ளத்தைக் குடித்து, நிரப்பி, மறு ஓரத்தில் மெதுவாகத் தலை நீட்டியது. நாங்கள் ஓரடி பின்னால் வைத்தோம். ஒரு கிழவி செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் இறங்கி நின்றாள், குழந்தைகள் "மெட்சி! மெட்சி!" என்று கத்தின. தண்ணீர் என்பதற்கு அவர்கள் சொல்.

அந்த ஜூன் 12-ஆம் தேதி ராத்திரி அப்பா போன் செய்தார். எட்டு வருஷத்துக்கு அப்புறம் மேட்டூரைச் சரியான தேதியில் திறந்துவிட்டார்களாம், குரலில் இருபது வயது குறைந்திருந்தது. இங்கேயும் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றேன்.

"அங்க எந்தக் கடல்ல போய் விழுது?"

"கடல் இல்லப்பா. மணல்லயே போயிடும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கடைமடைக்காவது போவுமா?"

போட்டேட்டி என்று ஒரு ஆறு இதிலிருந்து பிரிந்து உப்புத் தளம் வரை போகும், ஏறக்குறைய இருபது வருஷம் காய்ந்தே கிடந்து 2009 வாக்கில்தான் மறுபடி ஓடியது, சில வருஷம் போகும், சில வருஷம் போகாது என்று சொன்னேன்.

"அப்ப நம்ம ஊரு மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு, நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.